ஏழாம் அத்தியாயத்தின் உதாரணக் கடிதம்

“கீர்த்திகன் சார்ங்களா?”

கணினி நிலையத்தின் வாசலில் நின்றவளின் முகத்தில் நிஷாந்தின் மூக்கு இருந்தது. அவனுடைய தங்கை யசோதினி. அண்ணனின் கருமாதி முடிந்த மறுநாள், ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

வரிசை வீடுகளான அவர்களுடைய லயம் மண்சரிவில் போயிருந்தது. நிஷாந்தோடு இன்னும் நான்கு பேர்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மலையில் வெடிப்பு இருந்ததை யாரும் சொல்லவில்லை என்கிறதாம் தோட்டத்து ஆபீஸ். மிஞ்சிய பன்னிரண்டு குடும்பங்களையும் அதே மலையடியில் இருக்கும் கீழ் லயத்துக்குப் போகச் சொல்கிறார்களாம். நாளைக்கு விசாரணை. முன்பே எழுதிக் கொடுத்ததை நிரூபித்தால் வேறு இடம் கேட்கலாம். நிஷாந்த் எழுதிக் கொடுத்திருந்தான். அதன் பிரதி வீட்டோடு மண்ணுக்குள்.

“ஒங்க பொஸ்தகத்துலயும் அத போட்டிருக்கேன்னு சொன்னான் சார். அங்க போட்டா அழிச்சாலும் அழியாதாமே?”

அழியாது. உண்மைதான்.

இலவசமாகக் கிடைக்கும் ஓர் எழுத்து மென்பொருளுக்கு நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருந்தோம். எல்லோரும் எழுதுவது இணையத்தில் ஒரே இடத்தில் சேரும். யார், எந்தத் திகதியில், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று அது தானே குறித்து வைத்துக்கொள்ளும். எந்தப் பழைய பதிப்பையும் திரும்ப எடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிஷாந்த் இங்கே வந்து எழுதியது ஏழாம் அத்தியாயம். கடிதம் எழுதுதல்.

திறந்தேன். ‘ஐயா, காய்ச்சல் காரணமாக எனக்கு மூன்று நாள் விடுமுறை...’

“இது இல்லீங்க சார். காய்ச்சலுக்கெல்லாம் லீவு கேக்குற ஆளா அவன்?”

எந்தப் பதிப்பு என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன்.

வந்தது.

‘தோட்டத்துத் துரை அவர்களுக்கு, எங்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் அதற்குள் என் விரல்கள் மட்டும் நுழைந்தன. இப்போது கை முழங்கை வரை போகிறது. ஐப்பசி மழைக்கு முன் எங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.’

அவள் திரையைத் தொடாமல் வரிவரியாக விரலை நகர்த்தி வாசித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

“அப்ப இத மாத்துனவரு படிச்சிருப்பாருல்ல சார்? அவரு வந்து ஒரு வார்த்த சொன்னாக்கூட போதுமே.”

நான் கடிதத்தை அச்சுக்குக் கொடுத்தேன்.

தாளை இரண்டு கைகளாலும் வாங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“இன்னொரு தாளும் வருமாமே சார். யாரு எழுதுனது, என்னைக்கு எழுதுனதுன்னு.”

அது இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. நேற்று அடித்தது என்பார்கள். அண்ணனிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள்.

“மை முடிஞ்சுது, தங்கச்சி.”

“பரவால்லீங்க சார். இதாச்சும் கெடச்சுதே.”

கடிதத்தை மடித்துப் பொலித்தீன் பையில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். கும்பிட்டாள். மழையில் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சென்ற கிழமைதான் மை மாற்றியிருந்தேன்.

அவள் கேட்ட பக்கத்தைத் திறந்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி இரண்டே வரிகள், ஒன்றின் கீழ் ஒன்று.

2007 செப்டம்பர் 9. நிஷாந்த். உதாரணக் கடிதம் சேர்த்தேன். உண்மைக் கடிதம்தான், சார். ஆபீசுக்கும் கொடுத்திருக்கிறேன்.

2007 செப்டம்பர் 14. கீர்த்திகன். தோட்டத்துப் பிரச்சினை நமக்கு வேண்டாம். லீவுக் கடிதம் போதும்.