இரண்டே சீட்டு

"வித்தாச்சு" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

தையல் மெஷினில் குனிந்திருந்த மனைவி நிமிரவில்லை. "எதை?"

"வண்டியை. நாளைக்குக் காலையில லாரியில ஏத்திக்கிட்டுப் போறாங்க."

மெஷின் நின்றது.

அந்த வீட்டில் வண்டி என்றால் அது ஒன்றுதான். ஷெட்டில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. பத்து வருடத்துக்கு முன்னால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போக இருந்ததை, பாங்க் காசாளரான இவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மாடலை அப்போது நாய்கூடச் சீந்தாது. தெருவே சிரித்து, 'ரேஸ்காரர்' என்று பட்டப்பெயரும் வைத்தது.

ஞாயிறு தவறாமல் துரு சுரண்டினார். கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் சீட் உறைகளைத் தைத்தது அவள்தான். பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து, தையல் பிசகாமல், மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

"முடிஞ்சதும் முதல் சவாரி கடலோர ரோட்டுல. நீயும் நானும் மட்டும்" என்பார்.

போன மாதம்தான் முடிந்தது. முடிந்த நேரம் பார்த்து ஊர் உலகத்துக்கு அந்த மாடல் மேல் திடீர்க் காதல் வந்துவிட்டது. எங்கோ ஏலத்தில் ஒன்று எக்கச்சக்க விலைக்குப் போனதாம். தினமும் யாராவது போன் செய்தார்கள். எவ்வளவு கொடுத்தாலும் கிடையாது என்று வீராப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான் இவர்.

"ஏங்க, அப்ப கடலோர ரோடு?"

"ரோடு எங்கேயும் ஓடிப்போயிடாது. இந்த விலை போயிடும்."

"பத்து வருஷமா எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஒருத்திதான் சிரிக்கலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் லாரி வந்தது. அவள் ஜன்னலோடு நின்றுகொண்டாள். அவர் பானட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நடிப்பைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் போனில் குதித்தாள். "அம்மா, அப்பா பெரிய கில்லாடி! சரியான நேரம் பார்த்து வித்திருக்கார்!"

"ஆமா, எது எப்ப விலை போகும்னு உங்கப்பாவுக்கு அத்துப்படி. என்னை மட்டும் ஏன் விட்டுவச்சிருக்கார்னுதான் தெரியலை."

"பணத்தை உன் பேர்லதான் போட்டிருக்கேன்" என்றார் அவர், அன்று ராத்திரி சாப்பிடும்போது.

"என் பேர்ல போட்டா சரியாப் போச்சா?"

அதோடு சரி. ஒரு வாரம் கரண்டியும் தட்டும்தான் பேசிக்கொண்டன.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தாள். ஒரு பழைய பெட்டிக் கார் நின்றது. நெட்டையாக, நீலமும் துருவும் சரிபாதியாக. அதிலிருந்து அவர் வாயெல்லாம் பல்லாக இறங்கினார்.

அவள் விறுவிறுவென்று வாசலுக்கே வந்துவிட்டாள். "நல்ல வண்டியை வித்துட்டு இந்தக் குப்பையா? இதுவும் விலை ஏறும்னு எவன் சொன்னான்?"

"இதா? ஏழு ஜென்மத்துக்கும் ஏறாது. நல்லா விசாரிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"அப்புறம் எதுக்காம்?"

அவர் பக்கத்து சீட்டின் கதவை அகலத் திறந்தார். "ஏறு. மிச்சத்தை உள்ளே உட்கார்ந்து திட்டு."

திட்டுவதற்காகவே ஏறினாள். காலை ஒடுக்கிக் குனியவே வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்வது போல, நின்ற வாக்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வருடம் ஆபரேஷன் ஆன முட்டி ஒரு வார்த்தை முனகவில்லை. திட்ட வந்தவள் முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"வண்டி முடிஞ்ச அன்னைக்கு அதுல உன்னை உட்கார வச்சேன் இல்லையா?" என்றார் அவர். "ரொம்ப நல்லா இருக்குங்கன்னு சிரிச்சே. இறங்கினதும், நான் பார்க்கலைன்னு நினைச்சு, கதவைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னே. அந்த சீட்டு தரையோட தரையா இல்ல இருக்கு!"

அவள் கண் கலங்கியது. "இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விடுவியா? 'என்னால முடியும்'னு தினமும் ஏறி இறங்கிக் காட்டுவே."

"அதுக்காக... உசிரா வச்சிருந்தீங்களேங்க அதை. விலைக்காக வித்துட்டீங்கன்னு ஒரு வாரமா என்னென்ன நினைச்சுட்டேன்!"

அவர் சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கார் இருமிக்கொண்டே கிளம்பியது.

"பக்கத்துல நீ இல்லாம ஓட்டற வண்டி, என்ன விலை போனா எனக்கென்னம்மா?"