மூன்றாவது எண்

ஸ்டூல் மேல் ஏறி நின்று என் கணவர் நிலைக்கதவின் மேல்சட்டத்தைக் கத்தியால் சுரண்டுகிறார். பச்சைப் பெயின்ட் சுருள் சுருளாக அவர் தோளில் உதிர்கிறது. பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய வந்திருக்கும் அதிகாரி பேனாவைத் திறந்தபடி கீழே அண்ணாந்து நிற்கிறார். வீடு கட்டி நூறு வருடம் ஆனதற்கு அடையாளம் இருந்தால் புதிய சாலை எங்கள் பண்ணையைச் சுற்றிக்கொண்டு போகும். இல்லையென்றால், மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் உறுமிக்கொண்டிருக்கும் இயந்திரம் நாளையே உள்ளே வரும்.

“வருஷம் செதுக்கின மரத்துக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களாம்மா?” என்கிறார் அதிகாரி.

“மக கல்யாணத்துக்கு வீடு பளபளன்னு இருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா சார்,” என்று மேலிருந்தே என்னைப் போட்டுக்கொடுக்கிறார் இவர். “எங்க தாத்தா கட்டினது. நூறு தாண்டியாச்சு.”

ஒன்று தெரிகிறது. பிறகு ஒன்பது. அடுத்து, செங்குத்தாக ஒரு கோடு. கடைசியில் எட்டு.

“பத்தொன்பது பதினெட்டா?” அதிகாரியின் பேனா தாளைத் தொடுகிறது.

என் ஆள்காட்டி விரல் கூசுகிறது. பெயின்ட் அடிக்கும் முன் இந்தக் குழிகளில் பட்டியை அழுத்தி அடைத்தது இந்த விரல்தான். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் சின்னதாக ஒரு முக்கோணம் இருந்தது. அது நான்கு. இவருக்குத் தெரியாது, பிறந்ததிலிருந்து இந்த வாசலில் தலை குனிந்தே நுழைந்து பழகியவர்.

“இருங்க சார், இன்னும் தெளிவாத் தெரியட்டும்,” என்று கத்தியை இடப்பக்கம் கொண்டுபோகிறார்.

நான் அவர் கணுக்காலை இறுகப் பிடிக்கிறேன்.

“போதுங்க. மரம் கெட்டுடும்.”