முந்தி வந்த சிரிப்பு

“மொக்கப் படத்துலதாம்ல வயிறு வலிக்கச் சிரிக்க முடியும்” என்பான் இசக்கி. “மொக்கைன்னா மொக்கைதாம்ல” என்பான் ஜெபசிங். பிழைப்புக்காக ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகும் இந்த வழக்கு ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, இருவரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்ப்பார்கள். இந்த வாரம் இசக்கியின் சிரிப்போடு வேறு சிரிப்புகளும் கேட்டன.

“ரூம் பயலுவ வந்திருக்கானுவ. இப்பம் சொல்லுல, நல்லாருக்கா இல்லியா?”

ஜெபசிங் வாயைத் திறப்பதற்குள் அங்கே மறுபடியும் சிரிப்பு வெடித்தது. இவன் பக்கம் படம் கொஞ்சம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் இன்னும் மொட்டைமாடி விளிம்பில்தான் நின்றான். படத்தை முன்னால் ஓட்டி அவர்களை எட்டிப் பிடித்திருக்கலாம். ஜெபசிங் படத்தை நிறுத்தினான். போனில் சிரிப்பு வந்தபோதெல்லாம், திரையில் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்ற கதாநாயகனைப் பார்த்து அவனும் கூடவே சிரித்தான்.

“நல்லாத்தாம்ல இருக்கு” என்றான்.