பதினாறாம் இலக்க ஜேர்சி

பதினாறாம் இலக்க ஜேர்சியில் ஒரு சேற்றுப் புள்ளி கூட இல்லை. இராசரத்தினம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்துப் பட்டியை மூக்கருகே கொண்டுபோனார். கடை வாசம் இன்னும் போகவில்லை.

"இது எப்ப வாங்கினது?"

"போன வருஷம், சேர். மத்த ஜேர்சியோட சேத்துத்தான்," என்றார் நிக்கலஸ். கொட்டாஞ்சேனையின் அந்தச் சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்குச் செயலாளரும் அவர்தான், பொருளாளரும் அவர்தான்.

இராசரத்தினம் லீக்கின் கணக்குப் பரிசோதகர். வெள்ளவத்தையிலிருந்து வரும் வழியில் இரண்டு சோதனைச்சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறியதில் ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. அந்த எரிச்சல் குரலில் இருந்தது.

"விதி தெரியும்தானே? மெச்சுக்கு வாற பதினாறு பேருக்கு ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபா படி. வேற ஒருத்தருக்கும் கழகக் காசில ஒரு சதம் குடுக்கேலாது. குடுத்தா அடுத்த வருஷம் லீக்கில நீங்கள் இல்லை."

"பதினாறு பேருக்குத்தான் சேர் குடுத்திருக்கு."

"அப்ப லோன்றி பில்லில ஏன் பதினைஞ்சு ஜேர்சி?" பில்களை மேசையில் சீட்டுக்கட்டைப் போலப் பரப்பினார். "பன்னிரண்டு மெச். பன்னிரண்டு தரமும் பதினைஞ்சுதான் தோய்ச்சிருக்கு. பதினாறாம் ஆளுக்கு வேர்க்கிறேல்லையோ?"

"ரிசேர்வ் ஆள் சேர். பெஞ்சில இருக்கிறவன். ஊத்தை படாது."

"மற்ற நாலு ரிசேர்வ்காரருக்கும் ஊத்தை படுகுது. இவருக்கு மட்டும் படாதோ?"

நிக்கலஸ் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"ஒருகொடவத்தை டீம் கப்டன் இஸ்ஸதீனிட்டக் கேட்டனான். உங்கட டீம் ஷீட்டில கையெழுத்து வச்சவர். பதினாறாம் நம்பர் நல்ல உயரம், வெள்ளை எண்டார். ரெஃபரியிட்டக் கேட்டன். கட்டை, கறுப்பு எண்டார். என்ன, ஆள் மெச்சுக்கு மெச் மாறுறாரோ?"

வாசலில் நிழல் விழுந்தது. கையில் சந்தைப் பையுடன் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். நிக்கலஸ் மேசைக்குக் கீழே கையை அசைத்து அவளைப் போகச் சொன்னார். அதை இராசரத்தினம் கண்டுவிட்டார்.

"ஆர் அது?"

"பக்கத்து வீட்டு ஆள் சேர். சும்மா…"

"சனிக்கிழமை மெச். ஞாயிற்றுக்கிழமை நீர் படி குடுக்கிற நாள். இண்டைக்கு ஞாயிறு."

ஆளில்லாத பெயருக்குப் படி போடும் கழகங்களை அவர் முன்பும் பிடித்திருக்கிறார். அந்தக் காசு ஏதாவதொரு வீட்டுக்குப் போவதும், அந்த வீட்டில் ஒரு பெண் இருப்பதும் அவருக்குப் புதிதல்ல.

"தங்கச்சி, உள்ள வாங்கோ. இந்தத் தாளில உங்கட பேரை எழுதுங்கோ."

அவள் நிக்கலஸைப் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல எழுத்தெழுத்தாக எழுதி, பழக்கதோஷத்தில் அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

இராசரத்தினம் பதினாறாம் இலக்கத்தின் பன்னிரண்டு பற்றுச்சீட்டுகளையும் அதன் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றிலும் 'இராஜநாயகம்' என்றிருந்தது. அதே எழுத்து, அடியில் அதே கோடு. அவள் எழுதிய தாளில் 'பேர்ணடெற் இராஜநாயகம்' என்றிருந்தது.

"அப்ப நீங்களோ பதினாறாம் நம்பர்?"

"என்ட ஹஸ்பண்ட் சேர்."

"அவர் எங்க?"

"தெரியாது சேர். கிளப்ல சேர்ந்து ரெண்டு கிழமைதான் ஆகியிருந்துச்சு. புது ஜேர்சி வந்த அண்டைக்கு இரவு ஆமி ரவுண்டப்ல கூட்டிட்டுப் போனாங்க. காலையில விட்டுருவோம் எண்டாங்க." பையின் காதை விரலில் சுற்றினாள். "எல்லாக் கேம்ப்லயும் கேட்டுட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லையாம்."

இராசரத்தினம் நிக்கலஸின் பக்கம் திரும்பினார்.

"லிஸ்ட் ஒண்டு போட்டு சல்லி சேர்ப்போம் எண்டுதான் முதல்ல நெனச்சோம் சேர்," என்றார் நிக்கலஸ். "ஆனா அவன்ட வீட்டுக்குச் சல்லி குடுத்த ஆக்கள்ட பேரெல்லாம் ஒரு தாள்ல இருந்தா, அந்தத் தாள் கடைசியா யார் கைக்குப் போகும்? ஃபுட்போல் படி எண்டா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களத் தவிர."

"ரெஃபரி? மற்ற டீம்காரர்?"

"எல்லாருக்கும் தெரியும் சேர். ஆள் எப்படி இருப்பான் எண்டு சொல்லிவைக்கத்தான் மறந்துட்டோம்."

பேர்ணடெற் ஓரடி முன்னால் வந்தாள். "சும்மா வேணாம் சேர். அவர் வந்ததும் இந்தச் சல்லிய விளையாடிக் கழிச்சுருவார்."

இராசரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி, குண்டூசி குத்தினார்.

"இந்தக் கணக்கு இப்பிடியே போகேலாது, நிக்கலஸ். எனக்குப் பிறகு இன்னொருத்தர் இதைப் பாப்பார்."

பேர்ணடெற் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

இராசரத்தினம் எழுந்து, அழுக்குப் படாத அந்த ஜேர்சியை நிக்கலஸின் கையில் வைத்தார்.

"இனிமேல் லோன்றிக்குப் பதினாறு ஜேர்சி அனுப்பும்."