கதிரேசன் படத்துக்கு மாலை

"உங்க தம்பி படத்துக்கு மாலை இந்த நீளம் போதுமா அண்ணி? இன்னும் கொஞ்சம் தொங்கணுமா?"

கேட்டுக்கொண்டே ஜெயஸ்ரீ மஞ்சள் ஃபெல்ட் துணியில் ஐந்து இதழ்கள் நறுக்கினாள். நடுவில் சேர்த்து இழுத்துத் தைத்து, நூல் இழைகளை வெளியே வளைத்துவிட்டாள். ஒரு கொன்றைப்பூ பிறந்தது.

நாத்தனார் ஹேமாவதி தோள்பையைக்கூட இறக்காமல் அந்தப் பூவையே பார்த்தாள். தாம்பரத்தில் பஸ் ஏறி ஊரப்பாக்கம் வந்தவள், வழக்கமான சண்டைக்குத்தான் தயாராக வந்திருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் மோட்டாருக்கு வாஷர் வாங்கப் போன அவள் தம்பி கதிரேசன், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறான். போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை எதுவும் பாக்கியில்லை. கனவில் ஈர வேட்டியோடு வந்து "பசிக்குது அக்கா" என்கிறான். படத்துக்கு மாலை போட்டுத் திதி கொடுத்தால்தான் அவன் கரையேறுவான் என்று ஹேமாவதி மாதம் தவறாமல் வந்து மன்றாடுவாள். "உசிரோட இருக்கிறவருக்கு மாலையா?" என்று ஜெயஸ்ரீ கத்தரிக்கோலோடு எழுந்துவிடுவாள்.

இன்றைக்கு அதே கத்தரிக்கோல் மாலைக்குப் பூ நறுக்கிக்கொண்டிருந்தது.

"சித்திரைப் பூத்தோரண ஆர்டருக்கு வாங்கின துணியாச்சே இது?"

"ஆர்டர் கிடக்கட்டும் அண்ணி."

அவள் பூக்களைப் பற்றி அந்த அபார்ட்மென்டில் ஒரு பேச்சு உண்டு. போன வருஷப் பிறப்புக்கு வாசலில் கட்டிய ஃபெல்ட் கொன்றையை நம்பி ஒரு தேனீ அரை நாள் உழைத்ததாம். விஷயம் புரிந்ததும் நேராகச் செக்ரட்டரி வீட்டு ஜன்னலுக்குப் போய் முறையிட்டதாம். இன்றைக்கு அதற்குச் சிரிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

"நிஜப் பூவே வாங்கலாமேடி?"

"நிஜப் பூன்னா தினம் மாத்தணும். இது ஒரு தடவை போட்டாப் போதும். எப்பவாவது தூசி தட்டிக்கலாம்."

இவள் முடியாது முடியாது என்று நின்ற தைரியத்தில்தான், தம்பி செத்துவிட்டான் என்று தன்னால் இத்தனை நாள் சொல்ல முடிந்தது. அது ஹேமாவதிக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஜெயா, இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே? காசி, ராமேஸ்வரம்னு எங்கயாவது..."

"கனவுல வந்து பசிக்குதுன்னாரே?"

"கனவு கிடக்குது கனவு! ராத்திரி வடை தின்னா ஆயிரம் கனவு வரும்."

"ஐயருக்குச் சொல்லியாச்சு. வர்ற அமாவாசைக்குத் திதி."

ஜெயஸ்ரீ மாலையைத் தூக்கினாள். ஹேமாவதி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"உனக்கு என்னடி ஆச்சு? நீயே அவனைக் கைவிட்டுட்டா, அவன் எங்கடி திரும்பி வருவான்?"

ஜெயஸ்ரீ அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஸ்டூலில் ஏறி மாலையைப் படத்தில் மாட்டினாள். மஞ்சள் பூக்களுக்கு நடுவிலிருந்து கதிரேசன் சிரித்தான். ஹேமாவதி தரையில் சரிந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எதிர் ஃப்ளாட் கதவு திறந்து, எட்டிப் பார்த்து, மரியாதையாக மூடிக்கொண்டது.

ஜெயஸ்ரீ இறங்கி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்தாள்.

"அழாதீங்க அண்ணி. நேத்து கூடுவாஞ்சேரி மார்க்கெட்ல அவரைப் பார்த்தேன். இடுப்புல குழந்தையோட நின்ன ஒருத்தி தலையில மல்லிப்பூ வச்சு விட்டுக்கிட்டிருந்தாரு."