ஏழாம் நம்பருக்குப் புரியவில்லை

“ஏழாம் நம்பர் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன் சசி. நீதான்!”

சம்பூர்ணம் போட்ட சத்தத்தில் ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. ஒன்பது வருடமாக அவளோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடும் சசிகலா, வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே கீழே வைத்தாள்.

தொலைதூரக் கல்விக்கான பொருளாதாரப் புத்தகத்தில், விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும் என்று சொல்லும் ‘தேவை நெகிழ்ச்சி’ என்று ஓர் அலகு. அதில் பாதிப் பேர் ஃபெயில் ஆனதால், திருத்தி எழுதும் வேலை சம்பூர்ணத்துக்கு வந்தது. ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளராகவே காலம் தள்ளுகிறவள். புத்தகத்தில் பேர் வந்துவிட்டால் ஜூன் மாத இன்டர்வியூவில் வேலை நிரந்தரம் என்று நம்பியிருந்தாள்.

பாடத்தை எப்படி அமைப்பது என்று கூட இருந்து சொல்லித்தர, பல்கலைக்கழகம் நஜீமுதீன் சாரை அனுப்பியது. தன்மையான மனிதர், ஆனால் விதியில் கறார். அரியலூர் மையத்தில் படிக்கும் கண்டக்டர், கடைக்காரர், சிமெண்ட் ஆலைத் தொழிலாளி என்று பத்துப் பேருக்கு வரைவை அனுப்புவார். பேர் கிடையாது, நம்பர்தான். அவர்கள் சொல்வதை டைப் அடித்துக் கொண்டுவருவார்.

மூன்று சுற்றுக்குள் பத்துப் பேருக்கும் புரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அலகு வேறு ஆளுக்கு.

ஒன்பது பேர் முதல் சுற்றிலேயே தலையாட்டிவிட்டார்கள். ஏழாம் நம்பர் மட்டும் மூன்று தடவையும் ‘புரியவில்லை’. நேற்று அலகு கைமாறியது. கிடைத்தது யாருக்கு? சசிகலாவுக்கு!

“அரியலூர்ல உன் தம்பி படிக்கிறான்ல? அவன் பேர்ல நீ எழுதிட்ட!”

“உனக்குப் பைத்தியமாடி?”

“அப்ப இது என்ன?” சம்பூர்ணம் தாளை நீட்டினாள். ஏழாம் நம்பரின் கடைசிக் குறிப்பு: ‘வெங்காயம், பூ கதை எங்கே? அது இருந்தால் புரிந்திருக்கும்.’

சசிகலா தாளை வாங்கிப் படித்தாள். வெங்காயம் என்ன விலை விற்றாலும் சாம்பாருக்கு வாங்கித்தான் ஆகவேண்டும், பூ விலை ஏறினால் அரை முழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதுதான் அந்தக் கதை. கரும்பலகையில் சம்பூர்ணம் எழுதிப் பார்த்தபோது, “பல்கலைக்கழகப் புத்தகத்துல வெங்காயமாடி?” என்று சிரித்தவள் சசிகலாதான். கூச்சப்பட்டு சம்பூர்ணம் அப்போதே அழித்துவிட்டாள். நஜீமுதீன் சார் கைக்குப் போன எந்த வரைவிலும் அது இல்லை.

“சத்தியமா நான் இல்லடி” என்றாள் சசிகலா. கண் கலங்கியிருந்தது.

“நடிக்காத. இனிமே எங்கிட்ட பேசாத.”

பெரம்பலூர் கல்லூரியிலிருந்து அரியலூர் வீடு வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள் சம்பூர்ணம். வேலை போனது கூட இரண்டாம் பட்சம். ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டவள் முதுகில் குத்திவிட்டாளே என்றுதான் ஆறவில்லை.

வீட்டில் கொளஞ்சியப்பன் முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். சட்டையில் இன்னும் சிமெண்ட் தூசி. அவனைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

புருஷன் என்றால் அவன்தான். அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தொலைதூரக் கல்வியில் டிகிரி படி என்றாள், சேர்ந்தான். பூ வாங்கி வா என்றாள், “விலை ஏறிப்போச்சு பூர்ணம், அரை முழந்தான்” என்று அதையும் வாங்கி வந்தான். அடித்துப் போட்டது உட்பட ஒவ்வொரு வரைவையும் அவனுக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவாள். “சூப்பரு பூர்ணம், தெள்ளத் தெளிவா இருக்கு” என்பான்.

நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அவன் காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சும்மா விடமாட்டேங்க. சசி பண்ண துரோகத்தைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதப் போறேன். அவளும் வேலைக்கு அலையட்டும்!”

வெள்ளைத் தாளை எடுத்து, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதிவிட்டாள்.

கொளஞ்சியப்பன் எழுந்து வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

“விடுங்க. நீங்களும் அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதீங்க. மூணு தடவ எனக்குக் குழி பறிச்சவ அவ!”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“உங்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டு, நாந்தான் பூர்ணம் ‘புரியல’ன்னு எழுதிட்டேன்.”