நாற்பதாவது காட்டின் பதில்

நாற்பது காடுகளின் கூட்டு ஆராய்ச்சிக்காக ஒரே கேள்வியைச் சுமந்து திரிந்த நாரை, கடைசியாக நாற்பதாவது காட்டின் எறும்புப் புற்றுக்கு வந்தது.

"தனியாக இருக்கும்போது உனக்கு எவ்வளவு பயம்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்."

எறும்பு விழித்தது. "தனியாக என்றால் எப்படி? நாங்கள் யாரும் அப்படி இருந்ததே இல்லையே!"

"மற்ற முப்பத்தொன்பது காடுகளும் பதில் சொல்லிவிட்டன. என் பட்டியலில் உன் கட்டத்தை மட்டும் நான் காலியாக விடமுடியாது," என்று பதறிய நாரை, எறும்பை அலகில் தூக்கிக்கொண்டுபோய் ஆற்று நடுப்பாறையில் விட்டது.

எறும்பு சுற்றிச்சுற்றி ஓடியது. நாலாபக்கமும் தண்ணீர். உணர்கொம்போடு உணர்கொம்பு உரச ஒரு துணை இல்லை.

"ஐந்து! ஐந்து!" என்று அலறியது.

'எறும்புகள் இயல்பிலேயே பயந்தவை' என்று எழுதிக்கொண்ட நாரைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அறிக்கைக்கு நேரமாகிவிட்டதென்று உடனே பறந்துபோனது.

பாறையிலிருந்து இன்னும் பதில் வந்துகொண்டிருந்தது.